முன்மாதிரிப் புண்

அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்ட யாருக்கும் புண் சீழ் பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. சீழ் பிடித்துவிட்டால் அவர் அந்த ஆஸ்பத்திரியின் நோயாளியே கிடையாது. வாசலிலேயே பித்தளைப் பலகையில் 'தொற்றே இல்லாத ஆஸ்பத்திரி' என்று பொறித்து மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகையைத் தினமும் பளபளவென்று துடைக்கத் தனியாக ஓர் ஆள் உண்டு. வார்டுகளைத் துடைக்க ஆள் போடும் விஷயம் பரிசீலனையில் இருந்தது.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தைரியம் என்பது பெரிய வார்த்தை. வயிற்று வலியில் சுருண்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர், பலகையைப் படித்ததும் மனைவியின் கையை நெரித்துக்கொண்டிருந்த பிடியைச் சற்றுத் தளர்த்தினார், அவ்வளவுதான். சுபாவத்திலேயே அவர் பயந்தாங்கொள்ளி. படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டுக் கொடுப்பது தொழில். கடைக்கு வருகிறவர்கள் துடைத்து வைத்த கண்ணாடியில் விரலை வைத்துவிடுவார்களோ என்று பதறிப் பதறியே தலை பாதி நரைத்துவிட்டது. 'கண்ணாடி. தொடாதீர்கள்' என்று சின்ன ஸ்டிக்கர் அடித்து வைத்திருந்தார். கடையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் அதை ஒட்டித்தான் அனுப்புவார்.

வயிற்று ஆபரேஷன் என்றதும் அவர் நடுங்கியதற்கு வேறு காரணமும் இருந்தது. அவருடைய தாய்மாமன் அப்படித்தான் போனார். ஆபரேஷனில் போகவில்லை. ஆபரேஷன் பிரமாதமாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போனார். அதற்கப்புறம் தையல் போட்ட இடம் சிவந்தது, வீங்கியது, நாற ஆரம்பித்தது. உச்சி வெயிலில் "குளிருது, குளிருது" என்று நடுங்கிக்கொண்டே மாமா போய்ச் சேர்ந்தார். அந்த வாடை கண்ணாடிக்கடைக்காரரின் மூக்கை விட்டு இன்றுவரை போகவில்லை.

இவருக்கு வந்தது அப்பெண்டிக்ஸ். பெரிய டாக்டர் நல்லபடியாக வெட்டி எடுத்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். மயக்கம் தெளிந்ததும் கட்டிலருகே வந்து நின்றார்.

"வெட்டித் தச்சது நான். ஆற வேண்டியது உங்க உடம்பு. நடுவுல யாரும் புகுந்து குட்டையைக் குழப்பாம இருந்தா போதும். நான் சொல்ற வரைக்கும் இந்தக் கட்டை யாரும் பிரிக்கக் கூடாது. கிட்ட வர்றவங்க கையைக் கழுவிட்டு வரட்டும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் வெளியூர் மாநாட்டுக்குக் கிளம்பிப் போனார். ஆபரேஷன் புண்ணைக் காரணமில்லாமல் பிரித்துப் பார்ப்பதால் வரும் கேடுகள் பற்றி அவர் அங்கே பேச வேண்டியிருந்தது. இந்த ஆஸ்பத்திரிதான் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது.

மனைவிக்கு டாக்டர் சொன்னது மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது. உடனே சிஸ்டரிடம் போனாள்.

"சிஸ்டர், கை கழுவக் குழாய் எங்க இருக்கு?"

வார்டு மூலையில் பாலைப் போல வெளுப்பாக ஒரு புதுத் தொட்டி இருந்தது. குழாயைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"அதுதான். ஆனா இன்னும் திறப்பு விழா ஆகலம்மா."

"அப்போ பழைய குழாய்?"

"புதுசு வைக்கணும்னு பழசைக் கழட்டிட்டாங்க."

"நீங்கல்லாம் எங்க கழுவுறீங்க?"

சிஸ்டர் ரிப்பனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "திறந்ததும் கழுவிடுவோம்மா," என்றார்.

மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு, மாடிப்படி இறங்கி, பின்கட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாயடிக்குப் போனாள். உப்புத் தண்ணீர்தான், ஆனாலும் தண்ணீர். முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு, கதவை முழங்கையால் இடித்துத் திறந்துகொண்டு வந்து கணவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றினாள். அன்றிலிருந்து நாளெல்லாம் ஏறுவதும் இறங்குவதும்தான். வார்டில் இருந்தவர்கள் அவளைக் கொஞ்சம் கழன்ற கேஸ் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மறுநாள் வார்டுக்குள் ஒரு நீளமான துணி பேனர் வந்து ஏறியது. தொற்றுத் தடுப்பு வாரம் ஆரம்பம். 'நோயாளிகளைத் தொடுமுன் கை கழுவுவதே எங்கள் கடமை' என்பதுதான் வாசகம். எழுத வந்தவர் துணி பற்றாது என்றிருக்கிறார். தொற்றுத் தடுப்புக் குழுவின் தலைவர் ஒரு வார்த்தையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே வார்த்தைதானே என்று 'தொடுமுன்' என்பதை எடுத்துவிட்டார்கள். ஒரு 'த்' மட்டும் 'க்' ஆனது, இலக்கணம் தப்பக் கூடாதல்லவா.

கண்ணாடிக்கடைக்காரர் படுத்தபடியே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'நோயாளிகளைக் கை கழுவுவதே எங்கள் கடமை.'

"இங்க பாரு," என்று மனைவியைக் கூப்பிட்டார். "நம்மளைக் கை கழுவப் போறாங்களாம். எழுதியே போட்டுட்டாங்க."

"சும்மா இருங்க. ஏதோ எழுத்துப் பிழை," என்றாள் மனைவி.

சற்று நேரத்தில் தொற்றுத் தடுப்புக் குழுவே வந்துவிட்டது. முன்னால் தலைவர். அவரும் டாக்டர்தான், ஆனால் மைக்கைப் பிடித்த கை வேறு எதையும் பிடித்துப் பல காலம் ஆகிவிட்டது. விரல்களில் பட்டை பட்டையாக மோதிரங்கள். ஜலதோஷம் வேறு, கைக்குட்டையும் மூக்குமாக இருந்தார். பின்னால் உறுப்பினர்கள், அவர்களுக்குப் பின்னால் போட்டோகிராபர். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் கண்ணாடிக்கடைக்காரரின் வயிற்றைக் கண்டதும் சிலையாக நின்றார்கள்.

"இந்தக் கட்டு பிரிக்கவே இல்லையா?" என்றார் தலைவர்.

"பிரிக்கலைங்க சார். பெரிய டாக்டர் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்," என்றார் சிஸ்டர்.

"அற்புதம்! இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன். பிரிக்காம, தொடாம, சுத்தமா ஒரு புண். இதுதான் இந்த வருஷத்து முன்மாதிரிப் புண்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணாடிக்கடைக்காரரும் பயத்தில் கூடவே தட்டினார். தையல் சுரீரென்றது.

"எங்க, பிரிங்க, பார்ப்போம்," என்றார் தலைவர்.

"சார்..." கண்ணாடிக்கடைக்காரர் கட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "டாக்டர் பிரிக்க வேணாம்னு..."

"கரெக்ட்! பிரிக்கவே கூடாது. பிரிக்காம வெச்சா எவ்வளவு சுத்தமா இருக்கும்னு இவங்களுக்குக் காட்ட வேணாமா? பிரிச்சாத்தானே தெரியும்?"

கண்ணாடிக்கடைக்காரர் அதை யோசித்து முடிப்பதற்குள் கட்டு பிரிந்துவிட்டது. உள்ளே தையல் நூல் பிடித்தாற்போல் நேராக, உலர்ந்து, கச்சிதமாக இருந்தது. போட்டோகிராபர் கட்டிலின் மேல் ஒரு காலை வைத்து ஏறிப் படம் எடுத்தார். தலைவர் உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார்.

"தொற்று எப்படி வருது? காத்துலயா? தண்ணியிலயா? இல்ல. கை! இதோ, இந்தக் கை!" என்று தன் வலக்கையை உயர்த்திக் காட்டினார். "கழுவாத கைதான் எமன். இதை மட்டும் மறந்துடாதீங்க." அந்தக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதைத் தையலின் மேல் வைத்து, அன்போடு தடவிக் கொடுத்தார். "பாருங்க, எவ்வளவு உலர்ந்திருக்கு. நீங்களும் தொட்டுப் பாருங்க. லேசா."

எல்லோரும் லேசாகத் தொட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் மாமா நடுங்கிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. முன்மாதிரி என்றால் நாலு பேர் பார்க்க வேண்டாமா? கணக்குப் பிரிவிலிருந்து வந்தார்கள். நர்சிங் மாணவிகள் வரிசையில் வந்தார்கள். சமையல் கூடத்திலிருந்து கரண்டியோடு வந்தார்கள். வண்டி நிறுத்துமிடத்துக் காவலர் வந்து, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்த அதே விரலால் தொட்டுப் பார்த்து, "சுத்தம்னா இதான் சுத்தம்," என்று மெச்சினார். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழு பஸ் பிடித்து வந்தது. ஒவ்வொரு தரமும் கட்டைப் பிரிப்பார்கள், பிரிக்காத கட்டின் மகிமையை ஒருவர் விளக்குவார், எல்லோரும் தொடுவார்கள், மறுபடி கட்டுவார்கள். கை கழுவுவது எப்படி என்று தலைவர் வெறும் காற்றில் கையைத் தேய்த்துச் செய்து காட்டுவார். வந்தவர்களும் காற்றிலேயே கழுவிக்கொள்வார்கள். மூலையில் ரிப்பன் ஆடிக்கொண்டிருக்கும்.

"ஐயா, கும்புடுறேன், கையைக் கழுவிட்டுத் தொடுங்க. கீழ குழாய் இருக்கு, சோப்பு நான் தர்றேன்," என்று மனைவி ஒவ்வொருவரிடமும் சோப்பு டப்பாவை நீட்டினாள். ஒருத்தர் அதை நினைவுப் பரிசு என்று நினைத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயே விட்டார். அவள் வேறு சோப்பு வாங்கிவர ஓட வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் அவரைப் பார்க்க வந்தான். நல்ல செய்தியோடுதான் வந்தான்.

"மாமா, இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்தே நமக்கு ஒரு ஆர்டர்! ஆள் உயரத்துக்கு ஒரு படம். நம்ம கடையிலயே உசத்திக் கண்ணாடியா பாத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"என்ன படம்?"

"ஏதோ மலைப்பாதை மாதிரி இருந்துச்சு. நடுவுல ஒரு ரோடு, அதுக்குக் குறுக்க வரிசையா பாலம். எந்த ஊருன்னு கேட்டேன். சிரிச்சாங்க."

கண்ணாடிக்கடைக்காரர் மெல்லத் தன் வயிற்றைப் பார்த்தார். மச்சினனும் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

வார்டுக்கு வெளியே வராந்தாவில், வாசலைப் பார்த்தாற்போல், அந்தப் படத்தை மாட்டினார்கள். மூலையில் 'கண்ணாடி. தொடாதீர்கள்' ஸ்டிக்கர் இருந்தது. அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் முதலில் படத்தின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுகூடப் படாத தூரத்தில் நின்று பார்த்தார்கள். அப்புறம் உள்ளே வந்து கண்ணாடிக்கடைக்காரரைத் தொட்டார்கள். வயிற்றில் அந்த மாதிரி ஸ்டிக்கர் எதுவும் இல்லையே.

வாரத்தின் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. புண்ணின் ஓரம் சிவந்து தடித்திருந்தது. அன்று கட்டைப் பிரித்தபோது துணியில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. கூடவே அந்த வாடையும் வந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மாமாவின் அறை அப்படியே இங்கே வந்து இறங்கிவிட்டது.

மனைவி துணியைச் சுட்டிக் காட்டினாள். "சிஸ்டர், இது..."

"அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்கம்மா."

"நான் இன்னும் எதுவும் சொல்லவே இல்லையே!"

"அதான், சொல்லிடாதீங்கன்னு சொல்றேன். இங்க அதுக்கு 'ஈரப்பதம்'னுதான் பேரு."

சொல்லிவிட்டு சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. "பெரிய டாக்டருக்குப் போன் போட்டுட்டேன். முதல் வண்டியப் பிடிச்சு வர்றேன்னார். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. என் பொழப்பு போயிடும்," என்று காதோடு சொன்னார்.

பெரிய டாக்டர் வருவதற்குள் தலைவர் வந்துவிட்டார். துணியைப் பார்த்தார். முகம் ஒரு கணம் மாறி மறுபடி மலர்ந்தது.

"காய்ச்சலா? நல்லது. புண் ஆறணுமா வேணாமா?"

"ஆறணுங்க சார்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், பல் கிட்டித்தபடி.

"சூடாகாதது எப்படிங்க ஆறும்? முதல்ல சூடாகும், அப்புறம்தான் ஆறும். காப்பிக்கும் அதான், புண்ணுக்கும் அதான். நீங்க தேறிட்டீங்க. வீட்டுக்குப் போகலாம்."

"இப்பவேவா? அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுங்க!" என்றாள் மனைவி.

"இப்பவேதான்ம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல, தொற்றே இல்லாத ஆஸ்பத்திரின்னு நமக்குக் கேடயம் குடுக்கிற சிறப்பு விருந்தினர் வர்றார். இந்த ஆஸ்பத்திரியில நோயாளிங்க எவ்வளவு சீக்கிரம் குணமாகி வீட்டுக்குப் போறாங்கன்னு அவர் பார்க்கணும். கட்டில் காலியா இருந்தாத்தானே தெரியும்?"

"பார்க்க ஒரு புண்ணாவது வேணாங்களா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அப்படியாவது இருக்கவிடுவார்களோ என்று ஒரு நப்பாசை.

"அதான் வெளிய மாட்டியிருக்கோமே. அது கெட்டுப் போகாது."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படத்துக்குக் கீழே வந்ததும் கண்ணாடிக்கடைக்காரருக்கு நடுக்கம் கண்டது. ஸ்ட்ரெச்சர் சக்கரமே கடகடவென்று ஆடியது. "குளிருது... குளிருது..." என்றார். சொன்னது தன் வாய்தான் என்று தெரிந்ததும் அவருக்கு உயிரே போய்விட்டது போலிருந்தது. "மாமா மாதிரியே சொல்றேன். நான் போயிடுவேன். என்னை இங்கேர்ந்து கூட்டிட்டுப் போகாதே. கூட்டிட்டுப் போனா செத்துடுவேன்," என்று மனைவியின் புடவையைப் பிடித்துக்கொண்டு சின்னக் குழந்தையைப் போல அழுதார்.

மனைவி ஸ்ட்ரெச்சரை நிறுத்தினாள். "சார், இவருக்குப் புண்ணு கெட்டுப் போச்சு. வைத்தியம் பாருங்க. நாங்க எங்கயும் போகல."

தலைவர் பொறுமைசாலி. படத்தைக் காட்டினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் புண்ணு அதோ இருக்கு. எங்க ஆஸ்பத்திரிப் புண்ணு. அதுல ஏதாவது கோளாறு தெரியுதா?"

"அதுல தெரியலைங்க. இதுல..."

"அப்போ இது எங்க புண்ணு இல்ல. வேற எங்கயோ வாங்கின புண்ணு. வழியை விடுங்க, விருந்தினர் வந்துட்டார்."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சிறப்பு விருந்தினர் பரிவாரத்தோடு உள்ளே வந்தார். அவரை நேரே புதுத் தொட்டிக்குக் கூட்டிப் போனார்கள். ஆபரேஷன் கத்தரியாலேயே ரிப்பனை வெட்டினார். குழாயைத் திருகினார். குழாய் நெடுநேரம் பெருமூச்சு விட்டது. இணைப்பு கொடுப்பது அடுத்த கட்டத் திட்டம் என்று ஒருவர் விளக்கினார். விருந்தினர் காற்றில் கை கழுவிக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவே படத்தை நோக்கி வந்தார்.

அந்த இடைவெளியில் மனைவி என்ன செய்தாள் என்றால், பழக்க தோஷம், பின்கட்டுக்கு ஓடிக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். கணவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமே. வந்து பார்த்தால் ஸ்ட்ரெச்சரை அவளுக்குத் தெரியாமல் வெளி வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புடவையைத் தேடி அவர் கை அந்தரத்தில் துழாவிக்கொண்டிருந்தது. அவள் இடக்கையில் சோப்பு டப்பா இருக்க, ஈரம் சொட்டும் வலக்கையை அப்படியே விரித்து அந்தப் படத்தின் கண்ணாடியில் ஓங்கிப் பதித்தாள்.

"தொடாதீங்க!" என்று அலறினார் தலைவர். "தொடாதீங்க! கையை எடுங்க! கறை பட்டுடும்!"

குழு முழுக்கச் சேர்ந்து கத்தியது. "தொடாதீங்க! தொடாதீங்க!"

வெளி வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. அந்த ஆஸ்பத்திரிக்குள் அந்த வார்த்தையைக் கண்ணாடிக்கடைக்காரர் முதல் முறையாகக் கேட்டார்.

மனைவி கையை எடுக்கவில்லை. "இது இவரு வயிறு. அதைத் தொட்டா இவ்வளவு பதறுறீங்களே, அங்க கிடக்குறாரே, அவரைத் தொட்டப்ப உங்களுக்குப் பதறலையா? எத்தனை பேரு! அவருக்கு வைத்தியம் பார்க்கிறேன்னு சொல்லுங்க, எடுக்கறேன்."

சிறப்பு விருந்தினர் குழம்பிப்போய்ப் படத்தையும் ஸ்ட்ரெச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளா?" என்றார்.

அப்போதுதான் பெரிய டாக்டர் தோள் பையோடு உள்ளே நுழைந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சரிடம் போய்க் குனிந்தார். வாடை சொன்னது போதும் அவருக்கு.

"யார் பிரிச்சது?"

"யாரும் பிரிக்கல டாக்டர்," என்றார் தலைவர். "பார்த்தோம், அவ்வளவுதான்."

பெரிய டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் தலைவரின் ஜலதோஷமே நின்றிருக்கும். "தியேட்டருக்குத் தள்ளுங்க. உடனே. அம்மா, அந்த சோப்பைக் குடுங்க," என்றார். வாங்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

தையலைத் திறந்து, கெட்டதையெல்லாம் கழுவி வெளியேற்றி, திறந்த புண்ணாகவே விட்டு ஆறவைத்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் எமன் வாசல்வரை போய்த் திரும்பினார். அங்கே வேலை நடக்கும்போதே இங்கே கேடயம் கொடுக்கப்பட்டது. சாதனைக்கும் ஒரு பங்கம் வரவில்லை. படம் பார்க்க வந்த இடத்தில் மயங்கி விழுந்த ஒரு பார்வையாளரை, மனிதாபிமான அடிப்படையில், வெளியிலிருந்து கொண்டுவந்த புண்ணோடு சேர்த்துக்கொண்டதாக ஆஸ்பத்திரி அறிவித்தது. அதற்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தனியாக வந்தது.

அவர் வயிற்றில் இப்போது இருக்கும் தழும்பு மலைப்பாதை மாதிரி இல்லை. மண் சரிந்த மலை மாதிரி இருக்கிறது. யாராவது கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தால் இன்னும் சட்டையை இழுத்து மூடிக்கொள்கிறார்.

அடுத்த தொற்றுத் தடுப்பு வாரம் நெருங்கியபோது கடைக்குப் போன் வந்தது. படத்தின் கண்ணாடியில் ஒரு கறை இருக்கிறதாம். ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் யாரும் துணிந்து தொடவில்லையாம். வந்து துடைத்துவிட்டுப் போக வேண்டுமாம். போக அவருக்குக் கால் வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்ல வாயும் வரவில்லை. துணியை எடுத்துக்கொண்டு போனார்.

அதே வராந்தா, அதே பேனர். ஏணியில் ஏறி மேலிருந்து துடைக்க ஆரம்பித்தார். தூசியைத் துடைத்தார், ஈக்களின் எச்சங்களைத் துடைத்தார். நடுவில் வந்ததும் கை நின்றது. உப்புத் தண்ணீர் காய்ந்து, வெள்ளை வெளேரென்று ஐந்து விரல்களும் உள்ளங்கையுமாக ஒரு தடம். அதைச் சுற்றி மட்டும் பளிங்காகத் துடைத்துவிட்டு இறங்கினார்.

தலைவர் வந்து பார்த்தார். "என்னய்யா இது, முக்கியமான அழுக்கை அப்படியே விட்டுட்டீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் வழக்கம்போல் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

"அது அழுக்கு இல்லைங்க சார். என்னைத் தேடி இங்க நீண்ட கைகள்ல, கழுவின கை அது ஒண்ணுதான்."